காலியாக இருக்கலாம்

என்ன வேலை என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது
மாடியிலிருந்து பாலாற்றைக் காட்டினேன்.
தண்ணீர் எங்கே இருக்கிறது?
மணலுக்குக் கீழே.
அங்கேதான் எனக்கு வேலை என்றேன்.
மணல் லாரியா என்றார்.

சத்துவாச்சாரி. மூன்றாவது மாடி. அக்னி நட்சத்திரம்.
பகலில் வாங்கிய வெயிலைச் சுவர்
இரவில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது.
இரண்டு நாற்பதுக்கு முனிரத்தினம் அழைக்கிறார்,
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜிலிருந்து:
"இன்னாம்மா ஹேமாவதி,
பதினாலாம் நம்பருக்கு ரெண்டு குடும்பம் வந்துகினு நிக்குது.
ரெண்டு பேர் போன்லயும் உன் மெசேஜ் கீது."

என் மெசேஜ்.
பார்க்காத முகங்களுக்குப்
பெயர் போடாமல் நான் கொடுக்கும் வாக்கு.

சர்வர் இருப்பது மும்பையில்.
காந்தி ரோட்டில் ஓர் ஆட்டோ ஸ்டார்ட் ஆவதற்குள்
பத்து முறை போய்த் திரும்பலாம்.
போய்ப் பார்த்தேன்.
அகர்தலாவிலிருந்து ஒருவர், மால்டாவிலிருந்து ஒருத்தி.
ஏழு மில்லி செகண்டு இடைவெளியில்
இருவரும் கேட்டிருக்கிறார்கள், அறை காலியா?
இருவருக்கும் பதில் போயிருக்கிறது, காலி.
சொன்ன கணத்தில் இரண்டுமே உண்மை.
பொய் சொல்லாமலே ஏமாற்றலாம் என்று
எந்த செமஸ்டரிலும் சொல்லித் தரவில்லை.

ஏழு மில்லி செகண்டு.
இமை பாதி இறங்குவதற்குள் எத்தனையோ ஏழு.
அந்த இடுக்கில் நுழைந்து இரண்டு குடும்பங்கள்
நாள்கணக்கில் ரயிலில் உட்கார்ந்து,
எக்ஸ்ரே உறையை மடங்காமல் பிடித்துக்கொண்டு
காட்பாடியில் இறங்கிவிட்டன.

பூட்டு எழுதினேன்.
ஒருவர் கேட்கும்போது அடுத்தவர் நிற்கட்டும்.
முன்னால் வந்தவர் முடிக்கட்டும், இல்லை கைவிடட்டும்,
பிறகு திற.
பதினொரு வரி.
சோதிக்க, ஒரே நொடியில்
இருநூறு போலி ஹேமாவதிகளை அந்த அறைமேல் ஏவினேன்.
ஒருத்திக்குக் கிடைத்தது.
நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு, அறை இல்லை.
திரை பச்சையானது.
எல்லாம் சரியாக இருக்கிறது என்பதன் நிறம்.

நாலரைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.
யாரை வெளியே அனுப்பினீர்கள்?
"அனுப்பறதா?
நடுவுல கொடி கட்டி போர்வைய போட்டுட்டேன்.
அந்தம்மா புள்ள இருமுது,
இவரு எழுந்து ஃபிளாஸ்க்ல வெந்நி தர்றாரு.
பாஷையும் ஒண்ணுதான் போல கீது."
வைக்கப் போனவர் நினைவு வந்து சொன்னார்,
"அத்த கம்ப்யூட்டர்ல ஏத்திடு."

ஏறவில்லை.
ஓர் அறைக்கு ஒரு வரிசை.
ஒரு வரிசைக்கு ஒரு பெயர்.
போர்வைக்கு நான் இடம் வைத்திருக்கவில்லை.

விடியுமுன் அட்டவணையில் ஒரு கட்டம் சேர்த்தேன்.
பெயர்: குறிப்பு.
வகை: எழுத்து.
நிபந்தனை: காலியாக இருக்கலாம்.

ஒரு மாதம் போயிற்று.
வேறெதையோ தேடப் போனவள்
அந்தக் கட்டத்தின் முன் உட்கார்ந்துவிட்டேன்.
முனிரத்தினம் ஒற்றை விரலால் தட்டியவை.
ஃபேன் சத்தம் போடும் சொல்லியாச்சி.
படி ஏற மாட்டார் கீழ் ரூம்.
மீன் சமைக்கணுமாம் சரின்னேன்.
நாளைக்கு ஆபரேசன் 5 மணிக்கு எழுப்பணும்.
வாடகை ஊருக்குப் போய் அனுப்புவாங்க.
அனுப்பிட்டாங்க.
ரெண்டு பேர் வந்தாங்க ஒருத்தர் போறார். பாக்கி கேக்கல.

பல அறைகளுக்கு ஒன்றுமே இல்லை.
அவற்றையும் மேலிருந்து கீழ்வரை
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

பெங்களூரிலிருந்து மேலாளர் எழுதியிருக்கிறார்.
அந்தக் கட்டம் கனக்கிறது, தேடல் மெதுவாகிறது,
நாற்பது எழுத்தோடு வெட்டிவிட்டால் என்ன?

வேண்டாம் என்று குறித்து அனுப்பினேன்.
காரணம் எழுதச் சொன்ன இடத்தில்
கர்சர் கொஞ்ச நேரம் துடித்தது.
துடிக்கட்டும் என்று விட்டுவிட்டு
மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடப் போனேன்.